நாழிகை வட்டிலும் துளைத்தட்டு மானியும்

பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுது அறிவிக்கிறார்கள். அவர்களுடைய கருவியை நப்பூதனார் ‘குறுநீர்க் கன்னல்’ என்கிறார். நாம் ‘நாழிகை வட்டில்’ என்று பொருள் எழுதி, 1 நாழிகை 24 நிமிடம் என்று சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு துளை எப்படி நேரத்தை அளக்கும் என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வது?

வட்டிலில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நீர் துளை வழியே ஒழுகி வெளியேறும். மற்றது, அடியில் துளையிட்டு நீரில் மிதக்கவிடும் கிண்ணம். நீர் உள்ளே ஏறி, குறித்த நேரத்தில் அது மூழ்கிவிடும். முதல் வகையில் ஒரு சிக்கல். நீர் குறையக் குறைய ஒழுக்கும் மெதுவாகும். மிதக்கும் கிண்ணத்தில் அப்படி இல்லை. நீர் ஏற ஏறக் கிண்ணமும் இறங்குகிறது. அதனால், சுவர் நேராக இருந்தால், உள்நீருக்கும் வெளிநீருக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய மாறாமலே நிற்கும். என்னைக் கேட்டால், பழமையை விட இந்த நுட்பத்துக்குத்தான் நாம் பெருமைப்பட வேண்டும்.

வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மைலோ டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, நீர் நிரப்பி ஒழுக விடுங்க. முதல் பாதி காலியாகும் நேரத்தை விட, மறு பாதிக்கு 2 மடங்குக்கும் மேல் ஆகும். அதே டின்னில் சில கூழாங்கற்களைப் போட்டு வாளி நீரில் மிதக்க விட்டால், இரண்டு பாதிக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான்.

கி.பி. 97-இல் ரோம் நகரின் நீர் விநியோகப் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ், குழாய் வாயின் அளவை வைத்தே நீரைக் கணக்கிட்டார். நீரின் உயரம் அந்தக் கணக்கில் வரவில்லை. 1644-இல் இத்தாலியின் டாரிசெல்லிதான் அந்த விதியை வெளியிட்டார்: உயரம் 4 மடங்கானால், பாயும் வேகம் 2 மடங்கு. 1738-இல் டேனியல் பெர்னூலி அழுத்தத்தையும் வேகத்தையும் இணைத்து எழுதினார்.

உயரத்தின் வலிமையை நம் ஊரும் அறியும். ஈப்போவுக்கு அருகே கோப்பெங் ஈயச் சுரங்கங்களில், மலையிலிருந்து குழாயில் இறக்கிய நீரைக் குறுகிய வாய் வழியே பீய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள்.

இன்றைய ஆலைகளில் உள்ள ஓரிபிஸ் மீட்டர், அதாவது துளைத்தட்டு மானி, அதே துளைதான். குழாயின் குறுக்கே, நடுவில் துளையுள்ள தட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். தட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளந்தால் ஓட்டம் தெரியும். துளையைத் தாண்டியதும் நீர்த்தாரை சுருங்கிவிடும். ஆகவே கணக்கில் வரும் ஓட்டத்தைச் சுமார் 0.6 ஆல் பெருக்க வேண்டும். மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: அழுத்த வேறுபாடு 4 மடங்கானால் ஓட்டமும் 4 மடங்கு என்று எழுதிவிடுவார்கள். விடை 2 மடங்கு.