நாற்பது நாள் சுல்தான்



தமிழகத்து முஸ்லிம் ஆட்சி என்றால் நம்மில் பலர் ஆற்காட்டு நவாபுகளோடு நின்றுவிடுகிறோம். அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே மதுரையில் ஒரு சுல்தானியம் இருந்தது. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் மஅபருக்கு அனுப்பிய ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1335-ஆம் ஆண்டளவில் தம் பெயரில் நாணயம் அடித்துத் தனியரசு கண்டார். ஐந்தாண்டுகளில் அவருடைய அமீர்களில் ஒருவரே அவரைக் கொன்றார்.

அடுத்து வந்த அலாவுத்தீன் உதவ்ஜியின் ஆட்சி ஓராண்டளவே நீடித்தது. போரில் வென்ற களைப்பில் தண்ணீர் அருந்தத் தலைக்கவசத்தைக் கழற்றிய வேளையில், எங்கிருந்தோ வந்த அம்பு அவர் உயிரைக் குடித்தது. உடனே அவருடைய மருமகன் குத்புத்தீனை அரியணையில் அமர்த்தினர். அவருடைய நடத்தை பிடிக்காமற்போகவே, நாற்பதாம் நாளில் கொன்றுவிட்டனர். ஹிஜ்ரி 740 எனப் பொறித்த அவருடைய நாணயம் கிடைத்திருக்கிறது. நாணயம் அடிக்க மட்டும் அவகாசம் இருந்தது போலும்!

இச்செய்திகளை நமக்குத் தந்தவர் காழி இப்னு பதூதா. அவர் வெறும் வழிப்போக்கரல்லர். அஹ்சன் ஷாவின் மகளை டில்லியில் மணந்தவர். குத்புத்தீனுக்குப் பின் சுல்தானான கியாஸுத்தீன் தாமகானி, அப்பெண்ணின் சகோதரியை மணந்தார். ஆக, இருவரும் சகலர்கள். ஆயினும் காழி உறவுக்காக உண்மையை மறைக்கவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லுதல் தாம் வேறெந்த மன்னரிடமும் அறியாத கொடுஞ்செயல் என்று தம் பயண நூலில் எழுதிவைத்தார். நம்மவர் ஆட்சி என்பதற்காக நாமும் அதனை மூடிமறைக்க வேண்டியதில்லை.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் 1342-இல் இந்தக் கியாஸுத்தீனிடம்தான் தோற்று உயிரிழந்தார். வெற்றி நிலைக்கவில்லை. மதுரையில் பரவிய கொள்ளைநோயில் சுல்தானின் தாயும் மகனும் மாண்டனர். சிறிது காலத்தில் அவரும் நோயுற்று இறந்தார்.

வாரிசுரிமைக்கு வரையறுத்த முறை இல்லாததே இத்தனை இரத்தத்திற்கும் காரணம் என்பது என் கருத்து. படையும் அமீர்களும் எவரை ஏற்றனரோ அவரே சுல்தான். கியாஸுத்தீனின் சகோதரர் மகன் நாஸிருத்தீன் அரியணை ஏறியதும் படையினருக்குப் பொருளை வாரி வழங்கினார். கியாஸுத்தீனின் மகளை மணந்திருந்த தம் அத்தை மகனைக் கொன்று, அந்தப் பெண்ணைத் தாமே மணந்துகொண்டார். நோயால் மெலிந்திருந்த இப்னு பதூதா, புதிய சுல்தானிடம் விடைபெற்றுக் கப்பலேறினார்.

விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்புகளுக்குப் பின், 1378-ஐ ஒட்டி மதுரை சுல்தான்களின் நாணயங்களும் நின்றுபோயின.