குறைந்த அளவுக் கதிர்வீச்சும் புற்றுநோய் இடரும்: கருநாகப்பள்ளித் தரவு எதை நிறுவுகிறது?

1. பொருளும் எல்லையும்

இலங்கையின் கெலிஓயாவில் இருப்பவர் எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் பெரும்பாலும் பேராதனைக்கோ கண்டிக்கோ போகிறார். படம் எடுக்குமுன் அவர் மனத்தில் எழுவது ஒரே கேள்வி: "இதால பிறகு ஏதும் வருமா?" அறிவியல் இதற்கு ஒரு சொல்லில் விடை தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதையும், இருக்கும் விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 100 மில்லிகிரேக்குக் குறைந்த அளவே இங்கு "குறைந்த அளவு" எனப்படும். காமாக் கதிருக்கு ஒரு மில்லிகிரேயை ஒரு மில்லிசீவெர்ட்டாகவே கொள்ளலாம்.

2. இயற்கைப் பின்னணி

கதிர்வீச்சு வைத்தியசாலையோடு வந்த பொருளன்று. உலக மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் பெறுகிறார். அதில் பாதியளவு மண்ணிலும் பாறையிலும் இருந்து கசியும் ரேடான் வாயுவால் வருவது. மண்ணில் உள்ள கதிரியக்கத் தனிமங்களில் ஒன்று தோரியம்; இலங்கை மண்ணின் தோரியத்துக்குத் தனி வரலாறே உண்டு. கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் இங்கு தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே லண்டனில் ஓட்டோ ஹான் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து ரேடியோதோரியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார்.

3. உயிரணுவில் நிகழ்வது

ஒரு மில்லிகிரே காமாக் கதிர் என்பது ஒவ்வோர் உயிரணுவின் கருவையும் சராசரியாக ஓர் எலெக்ட்ரான் தடம் கடந்து செல்வதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். அளவை இன்னும் குறைத்தால் தாக்கப்படும் உயிரணுக்களின் எண்ணிக்கைதான் குறையும். தாக்கப்பட்ட உயிரணுவில் விளையும் சேதம் குறையாது. இடர் கதிர் அளவுக்கு நேர்விகிதமாகவே குறையும், முற்றிலும் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்னும் நேர்கோட்டு மாதிரியின் வலிமையான வாதம் இதுவே. மறுபக்கத்தில், அறுந்த டிஎன்ஏ இழைகளை உயிரணு தானே இணைத்துக்கொள்கிறது. 1984இல் ஒலிவியேரி குழுவினர், சிறு அளவுக் கதிரை முன்னதாகப் பெற்ற மனித வெள்ளணுக்களில் பின்னர் வந்த பெரும் அளவு குறைந்த சேதத்தையே உண்டாக்கியதைக் காட்டினர். ஆய்வுக்கூடச் சான்று இரு பக்கமும் பேசுகிறது. எனவே மக்கள் தரவை நாட வேண்டும்.

4. மக்கள் தரவு

4.1 ஹிரோஷிமா, நாகசாகி. அணுகுண்டுத் தாக்குதலில் தப்பியவர்களை 1950 முதல் தொடர்ந்த ஆய்வில், 30 வயதில் கதிர் பெற்றவருக்கு 70 வயதில் திண்மப் புற்றுநோய் மரண இடர் ஒரு கிரேக்கு 42 சதவீதம் கூடுகிறது. ஆனால் அது கணப்பொழுதில் பெற்ற கதிர்; சிறிது சிறிதாகப் பெறும் கதிருக்கும் இதே மதிப்பு பொருந்துமா என்பதே கேள்வி.

4.2 கருநாகப்பள்ளி. தோரியம் கலந்த மோனசைட் மணல் கொண்ட கேரளக் கரை இது. இங்கு வெளிப்புறக் கதிர் அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல்; சில இடங்களில் 70 வரை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 69,958 பேரைச் சராசரியாக 10.5 ஆண்டுகள் தொடர்ந்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. பீடிப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவு: இரத்தப் புற்றுநோய் நீங்கலாக, ஒரு கிரேக்குச் சார்பு மிகை இடர் –0.13.

கழித்தல் குறியைப் பார்த்து "கதிர் தீங்கற்றது" என்று பலர் எழுதிவிட்டனர். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் படிக்க வேண்டும்: –0.58 முதல் 0.46 வரை. ஜப்பானிய மதிப்பான 0.42 (அதாவது 42 சதவீதம்) இந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. ஜப்பானிய ஆய்வு மரணத்தையும் கருநாகப்பள்ளி ஆய்வு நோயுறுதலையும் அளப்பதால் ஒப்பீடு முழுமையானதன்று. எனினும் கருநாகப்பள்ளித் தரவு ஜப்பானிய மதிப்பை மறுத்துவிட்டது என்று கூற இடமில்லை.

4.3 அணுத்துறைத் தொழிலாளர். பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 309,932 தொழிலாளரை ஆய்ந்த 2023ஆம் ஆண்டு அறிக்கை, திண்மப் புற்றுநோய் மரணத்தில் ஒரு கிரேக்கு 0.52 சார்பு மிகை இடர் காண்கிறது. இவர்கள் கதிரைச் சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் பெற்றவர்கள்.

5. ஐயத்தின் காரணம்

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2006 அறிக்கைப்படி, நூறு பேர் தலா 100 மில்லிசீவெர்ட் பெற்றால் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரக்கூடும்; வேறு காரணங்களால் 42 பேருக்கு வரும். நாற்பத்திரண்டுக்கு நடுவே அந்த ஒன்றைப் பிரித்தறியப் பெருந்தொகை மக்கள் வேண்டும். அளவு பத்திலொன்றானால் வேண்டிய தொகை ஏறத்தாழ நூறு மடங்காகும். ஆகவே இந்த ஐயம் ஆய்வாளரின் அசட்டையால் வந்ததன்று. எண்களின் இயல்பால் வந்தது.

6. முடிபுகள்

அ. தீங்கு இல்லை என்பது நிறுவப்படவில்லை. இருந்தால் அது சிறியது என்பது நிறுவப்பட்டுள்ளது.

ஆ. நேர்கோட்டு மாதிரி பாதுகாப்பு விதி வகுக்க ஏற்றது; மரணங்களை எண்ண ஏற்றதன்று. மிகச் சிறு அளவைப் பெருந்தொகை மக்களால் பெருக்கிச் சாவுக் கணக்குப் போடுவதை ஐ.நா. அறிவியற் குழுவும் பரிந்துரைக்கவில்லை.

இ. ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவெர்ட் அளவு, அதாவது இரு வார இயற்கைப் பின்னணி. வயிற்று சீ.டி. ஸ்கேன் 10 மில்லிசீவெர்ட் வரை, அதாவது நான்கு ஆண்டுப் பின்னணி.

வைத்தியர் காரணத்தோடு கேட்கும் படத்தை அச்சத்தால் தவிர்க்காதீர்கள். பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி எடுத்துச் சென்று காட்டுங்கள். ஒரே ஸ்கேனை இரு முறை எடுக்கும் தேவை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, குறையும்.