ஜெண்டில்மேன் என்னும் சொல்லின் சரித்திரம்

முற்காலத்தில் நம் சபைகளில் பிரசங்கம் புரிவோர், "சீமாட்டிகளே, கனவான்களே" என்று விளித்தே தொடங்குவது வழக்கம். இது ஆங்கிலேயரின் சபை மரியாதையைப் பின்பற்றி வந்ததென்பது யாவரும் அறிந்ததே. நாம் கனவான் என்று பெயர்த்துக்கொண்ட ஜெண்டில்மேன் என்னும் சொல் தன் சொந்த தேசத்தில் என்னென்ன பொருள்களைப் பூண்டு வந்ததென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். குலத்தின் பெயரால் கூடியுள்ள நமக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று.

இலத்தீன் பாஷையில் ஜென்ஸ் என்றால் குலம். குலத்தைச் சேர்ந்தவன் ஜென்டிலிஸ். நமது வழக்கிலுள்ள ஜாதி, ஜனம் என்னும் வடசொற்களும் இதுவும் ஒரே ஆதி மூலத்திற் பிறந்தவை என்பர் மொழிநூலார். பிரெஞ்சு பாஷையில் உயர்குலத்தோனைக் குறித்த இச்சொல், நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்றதன் பின் ஆங்கிலத்திற் புகுந்தது. குணத்தையும் இச்சொல்லால் குறிக்கலாம் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. 14-ஆம் நூற்றாண்டிலேயே சாஸர் என்னும் கவி, தம் கதையொன்றில் வரும் கிழவியின் வாயிலாக, மேன்மை செய்கையால் வருவதேயன்றிப் பாட்டன் சொத்தாக வருவதன்று என்று வாதிக்கச் செய்தார்.

ஆயினும் இராஜாங்கம் இச்சொல்லை வேறு காரியத்திற்குக் கொண்டது. 1413-இல், ஐந்தாம் ஹென்றி அரசன் காலத்தில், சிலவகை வழக்குப் பத்திரங்களில் பிரதிவாதியின் அந்தஸ்தையோ தொழிலையோ அவன் பெயரோடு குறிக்க வேண்டுமென்று சட்டம் பிறந்தது. பிரபுவுமல்லாமல் உழுகுடியுமல்லாமல் நடுவே நின்றவர் பலர் தம்மை ஜெண்டில்மேன் என்று எழுதிக்கொண்டனர். அங்ஙனம் எழுதப்பெற்ற முதல் மனிதர் யாவரெனப் பழைய ஏடுகளைத் துருவிய ஜார்ஜ் ஸிட்வெல் என்பவர், ஸ்டாபோர்டு ஊரினர் ஒருவரைக் கண்டெடுத்தார். அக்கனவான் மீதிருந்த குற்றச்சாட்டுகளோ, வீடு புகுந்து உடைத்தல், கொல்லும் எண்ணத்தோடு காயப்படுத்தல், கொலைக்கு ஏவுதல்! நாம் இதைப் படித்தபோது நகைக்காதிருக்கக் கூடவில்லை.

பின்னர்ப் பணமும் உள்ளே வந்தது. உடலுழைப்பின்றி வாழவும் அதற்குத் தக்க தோரணை காட்டவும் இயன்றவன், காசு கொடுத்துக் குலச்சின்னம் பெற்று ஜெண்டில்மேன் ஆகிவிடுவான் என்று 1577-இல் வில்லியம் ஹாரிஸன் ஒளிவுமறைவின்றி எழுதினார். கையுறை செய்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596-இல் அச்சின்னம் கிடைத்தது. அவர் மைந்தரே மகாகவி. சின்னங்களைப் பரிசோதிக்கும் அரசாங்க அதிகாரிகள் ஜில்லாதோறும் சென்று, போலிகளின் பெயர்களைப் பகிரங்கமாகக் கூறி இழிவுபடுத்தியதும் உண்டு. இப்பெயர் மனிதனுடைய நிலைமைக்கு உரியதன்று, அந்நிலைமையில் அவன் ஒழுகும் முறைக்கே உரியது என்று ஸ்டீல் என்பவர் 1710-இல் பத்திரிகையில் எழுதினார். படித்தவர் தலையசைத்தனர், வழக்கம் எளிதில் அசையவில்லை.

அசையாமைக்குக் கிரிக்கெட் ஆட்டமே சாட்சி. 1806 முதல் ஜெண்டில்மேன்களுக்கும் பிளேயர்களுக்கும் பந்தயம் நடந்து வந்தது. கூலியின்றி ஆடுவோர் முன்னவர். கூலிக்கு ஆடுவோர் பின்னவர். மைதானத்துள் வரும் வாயிலும், உடை மாற்றும் அறையும் இருவகையார்க்கும் வெவ்வேறு. அச்சிட்ட தாளில் முன்னவர்க்குத் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னும், பின்னவர்க்குப் பெயருக்குப் பின்னும் நிற்கும். கிரேஸ் என்னும் பிரசித்தி பெற்ற வைத்தியர் செலவுத்தொகை என்றும் நன்கொடை என்றும் வாங்கியது எந்தக் கூலியாளன் வரும்படியினும் மிகுதி. ஆயினும் அவர் ஜெண்டில்மேனே. வால்டர் ஹாமண்டின் கதை இதனினும் விசித்திரம். நெடுநாள் கூலிக்கு ஆடிய அவர் 1938-இல் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பெற்று ஆட்டக்கூலியை விட்டார். அவ்வாண்டே இங்கிலாந்து அணிக்குத் தலைவரானார். அதே மனிதர், அதே மட்டை, அதே குணம். வாயில் மாத்திரம் மாறிற்று. முன்பு பிளேயர்களுக்குத் தலைமை தாங்கியவர் இப்போது எதிரணிக்கும் தலைமை தாங்கினார்.

லென் ஹட்டன் அங்ஙனம் மாறவில்லை. கூலியாளராயிருந்தே 1952-இல் தலைவரானார். பத்தாண்டுகள் கழித்து இப்பாகுபாடு எடுபட்டது. 1962 செப்டம்பரில் ஸ்கார்பரோ நகரில் நடந்த கடைசிப் பந்தயத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனான ட்ரூமன் பிளேயர்களுக்குத் தலைமை தாங்கினார். ஏழு விக்கெட் மிச்சமிருக்க அவர்களே வென்றனர்.