தொற்காள் தைத்த சட்டைகளும் அம்மாயியின் போர்வையும்

நம்ம லயங்களில் பழைய சேலை எதுவும் வீணாகப் போவதில்லை. கிழிந்த சேலை முதலில் பிள்ளைக்குத் தொட்டிலாகும். பிறகு காம்பிராவை மறைக்கும் திரையாகும். கடைசியில் இரண்டு மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரிய ஊசியால் நீளநீளமாக ஓட்டித் தைத்தால் போர்வை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிருக்குக் கம்பளி மட்டும் போதாது என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் போர்வையும் நைந்தால் கால் துடைக்கிற துணி. அதோட கதை முடிஞ்சுது. அதை யாரும் வரலாறு என்று எடுத்து வைப்பதில்லை.

ஆனால் இன்னொரு நாட்டில், இன்னொரு தோட்டப் பெண் தைத்த போர்வை இன்று நூதனசாலையில் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்ற கதையை வாசித்தபோது, எங்களுக்கு அடிக்கடி நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹரியட் பவர்ஸ். 1837இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அடிமையாகப் பிறந்தவர். அது பருத்தித் தோட்டங்களின் நாடு. அடிமை முறையும் நம்ம கங்காணி முறையும் ஒன்றல்ல. அங்கே ஆளையே விற்றார்கள், வாங்கினார்கள். இங்கே கடனும் 'துண்டு'ம் ஆளைக் கட்டிப் போட்டன. இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனாலும் பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்த, எழுத்து கிடைக்காமல் வைக்கப்பட்ட ஒரு சனம் தன் கதையை எதில் எழுதும் என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொது.

விடுதலை கிடைத்தபின், 1886 அளவில், பவர்ஸ் ஒரு பைபிள் போர்வை தைத்தார். துணியை மனிதர், மிருகம், நட்சத்திரம் என்று வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற முறை. மேற்கு ஆபிரிக்காவின் பழைய தகோமே நாட்டில், இன்றைய பெனினில், இதே மாதிரித் துணிவேலை உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். போர்வையில் மொத்தம் 11 கட்டங்கள். ஏதேனில் ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயீன், ஏணிக் கனவு காணும் யாக்கோபு, யோர்தானில் ஞானஸ்நானம், முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ், இராப்போசனம், சிலுவை என்று போகிறது.

1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் இதைப் பார்த்த ஜெனி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் என்ன விலைக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார். சில வருடங்கள் போனது. வீட்டில் கஷ்டம். அப்போது அவரே விற்கச் சம்மதித்தார். கேட்டது பத்து டொலர். ஸ்மித்திடம் இருந்தது ஐந்து. கணவரும் விற்கச் சொன்னதால் ஐந்துக்கே கொடுத்தார். மாட்டு வண்டியில், மடியில் வைத்து, சுத்தமான சாக்கில் சுற்றி அதைக் கொண்டு வந்தாராம். பிறகும் சில தடவை ஸ்மித் வீட்டுக்குப் போய், தான் விற்ற போர்வையைப் பார்த்துவிட்டு வந்தார்.

சாக்கு என்றதும் எங்களுக்குப் படங்குதான் ஞாபகம் வந்தது. கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அந்தச் சாக்கு. நகையை அடகுக்கடையில் வைத்துவிட்டு, அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிற அம்மாக்களையும் நமக்குத் தெரியும்.

போர்வையை விற்றபோது பவர்ஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் சொன்னார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். அதனால்தான் இந்தக் கட்டத்தில் இருப்பது காயீன், அந்தக் கட்டத்தில் இருப்பது யாக்கோபு என்று இன்று நமக்குத் தெரிகிறது. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் ஒரு அழகான பழைய துணி மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் பேசியது பவர்ஸ், பேனா பிடித்தது ஸ்மித். நாம் கேட்பது ஒருவர் குரலை இன்னொருவர் கை வழியாக. பவர்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் ரொம்ப காலமாக எல்லாரும் எழுதினார்கள். கைரா ஹிக்ஸ் 2009இல் வெளியிட்ட நூலில் பவர்ஸின் கடிதம் ஒன்றின் பிரதி வந்தது. அவர் வாசிக்கப் பழகியவர் என்று அது சொல்கிறது. தோட்டத்துப் பெண் என்றால் வாசிக்கத் தெரியாது என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறார்கள்!

அந்தப் போர்வை 1969இலிருந்து வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனில் இருக்கிறது. பவர்ஸ் தைத்த இன்னொரு போர்வை பொஸ்டனில் இருக்கிறது. 15 கட்டங்கள் கொண்ட அதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அதில் யோபு, யோனா, மோசே தூக்கிய பாம்பு எல்லாம் உண்டு. அவற்றுக்குப் பக்கத்திலேயே, 1833 நவம்பர் 13 இரவில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டியது ஒரு கட்டம். 1895 பெப்ரவரியில் வந்த கொடும் குளிர் ஒரு கட்டம். எரிநட்சத்திரங்கள் கொட்டியபோது பவர்ஸ் பிறக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதை அவர் தைத்திருக்கிறார். வேதத்தில் நடந்ததும் ஊரில் நடந்ததும் ஒரே துணியில், ஒரே அளவுக் கட்டத்தில். எங்களுக்கு நடந்ததும் வேதத்தில் எழுதும் அளவுக்குப் பெரிசுதான் என்று அவர் சொல்வதாகத்தான் நாங்கள் வாசிக்கிறோம்.

ஊசிக்கும் வேதத்துக்கும் உள்ள உறவு பழசு. அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊர்த் தபீத்தாள் வருகிறாள். தொற்காள் என்றும் பெயர். அவள் இறந்ததும் பேதுருவை அழைத்து வருகிறார்கள். மேலறையில் விதவைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்ல அவர்களிடம் கல்வெட்டு இல்லை, கடதாசி இல்லை. அவள் தைத்துக் கொடுத்த சட்டைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அதுதான் சாட்சி. பிற்காலத்தில் உலகம் முழுக்கச் சபைகளில் உண்டான தையல் சங்கங்களுக்குத் தொற்காள் பெயரையே வைத்தார்கள்.

தமிழ்ப் பெண்களிடமும் மிஷன் வழியாக ஊசி வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்தபின், இடையன்குடியில் அதே வேலையைத் தொடங்கினார். கால்டுவெல்லின் பெயர் நமக்குப் பாடப்புத்தகத்தில் வருகிறது. எலைசாவின் பெயர் எப்போதாவது வருகிறது. லேஸ் பின்னிய பெண்களின் பெயர்கள் வருவதே இல்லை.

மலையகத்துக்கு வருவோம். 1854இல் இங்கே 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயரிலேயே 'கூலி'. தோட்டத் துரைமாரின் ஆதரவோடும் பணத்தோடும் நடந்த வேலை அது. ஆனால் அவர்கள் கொண்டு வந்த அதே புத்தகத்தில்தான் யாத்திராகமம் 5ஆம் அதிகாரமும் இருந்தது. பார்வோன் இனி வைக்கோல் தர மாட்டேன் என்கிறான். ஆனால் செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாதாம். ஆளோட்டிகள் விரட்டுகிறார்கள். மழையில் கொழுந்து குறைந்தாலும் கிலோக் கணக்கு குறையக் கூடாது, குறைந்தால் அரைப்பேர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையா? இந்த வேதத்தை உழைப்பவர் பக்கம் நின்று வாசித்தவர்களும் இங்கே இருந்தார்கள். 1972இல் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அவர்களில் ஒருவர்.

நம்ம சனத்தில் பெரும்பாலானோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் எல்லாரும் பைபிள் போர்வை தைப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் பவர்ஸிடமிருந்து எடுத்துக்கொள்வது அவருடைய முறையை. வருடாவருடம் காமன் கூத்தில் நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். பழைய கதையை நம்ம ஊர் மண்ணில் வைத்து மறுபடி சொல்கிறோம்.

சும்மா ஒருநாள் நாங்கள் உட்கார்ந்து, நம்ம போர்வை என்றால் என்னென்ன கட்டம் என்று பேசிப் பார்த்தோம். செங்கல் கணக்குக்குப் பக்கத்தில் கொழுந்துத் தராசு. ஆபேலின் இரத்தத்துக்குப் பக்கத்தில், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தனும், 1977 மே 11 டெவன் தோட்டத்தில் இறந்த சிவனு லெட்சுமணனும். மண் மூடிய மீரியாபெத்தை, 2014 ஒக்டோபர் 29. சாலொமோன் முன்னால் ஒரு பிள்ளைக்காகச் சண்டை போட்ட இரண்டு தாய்மாருக்குப் பக்கத்தில் 1964 ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. பைபிளில் பிள்ளையை வெட்டாதே என்று கத்த ஒரு தாயாவது இருந்தாள்.

கடைசியாக ஒரு விசயம். 1971இல் நியூயோர்க்கின் விட்னி நூதனசாலை பழைய போர்வைகளை ஓவியம் மாதிரிச் சுவரில் தொங்கவிட்டது. பெரிய வரவேற்பு. ஆனால் தைத்த பெண்களில் பெரும்பாலானோரின் பெயர் அங்கே இல்லை. துணிக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. கறுப்பினக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1983இலிருந்து கதைப் போர்வைகள் செய்யத் தொடங்கியபோது, கதையைத் துணியிலேயே எழுதினார். இன்னொருவர் வந்து எழுதித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. நம்ம பக்கத்திலும் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், பாவித்த தேயிலைப் பைகளையே கித்தானாக்கித் தோட்ட வாழ்க்கையைப் படைத்து வருகிறார்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம், கூட்டம் போட்டோம், கவிதை எழுதினோம். எல்லாம் நல்லது. ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் உள்ள போர்வையை விரித்து, இது யார் சேலை, எந்தக் கலியாணத்துக்கு எடுத்தது, எந்த வருசம் என்று கேட்டிருக்கிறோம்? கெம்பஸில் ஆவணக் காப்பகம் பற்றி அசைன்மென்ட் எழுதுகிற நாங்களும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் கேளுங்கள். அம்மாயியோ அப்பாயியோ சொல்வதை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். சரி என்று அவர்கள் சொன்னபிறகு, மேலே அவர்கள் பெயரைப் போடுங்கள். நம்ம பெயர் கீழே இருக்கட்டும். போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டாம். குளிருக்கு அவர்களுக்கு அது வேணும்.