கொலம்பசும் உருண்டை உலகும்

பதினைந்தாம் நூற்றாண்டுவரை ஐரோப்பியர் உலகைத் தட்டையென எண்ணியிருந்தனர் என்றும், மேற்கே செல்லும் மரக்கலம் விளிம்பினின்று வீழ்ந்துவிடுமென அஞ்சினர் என்றும், கொலம்பசே 1492ஆம் ஆண்டிற் கடல்கடந்து அவ்வறியாமையை அகற்றினார் என்றும் பாடநூல்கள் பல கூறிவந்தன. சிறுவர் மனத்திற் பதிதற்கேற்ற கதை இது. ஆயின் வரலாற்றுச் சான்றுகள் இதற்கு இடந்தருவனவாயில்லை.

உலகம் உருண்டையென்பது கிரேக்க அறிஞர்க்குக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே துணிபாயிற்று. சந்திர கிரகணத்தின்போது மதியின்மேல் விழும் புவிநிழல் எஞ்ஞான்றும் வட்ட விளிம்புடையதாயிருத்தலை அரிஸ்தோத்தில் சான்றாகக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் எரதொஸ்தெனீஸ் என்பார் புவியின் சுற்றளவையே கணித்தார். எகிப்தின் தென்பாலுள்ள சையீன் நகரில் நிழல் விழாத நண்பகலில், வடபாலுள்ள அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் ஐம்பதிலொரு பங்களவு கோணத்தில் நிழல் சாய்ந்தமை கண்டு, இருநகர்க்கும் இடைப்பட்ட தூரத்தின் ஐம்பது மடங்கே அச்சுற்றளவெனத் துணிந்தார்.

இவ்வறிவு இடைக்காலத்தில் மறைந்தொழியவுமில்லை. 8ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் துறவி பீட் அதனை எழுதிவைத்தார். 13ஆம் நூற்றாண்டிற் சாக்ரோபோஸ்கோ இயற்றிய கோள நூல் பல்கலைக்கழகங்களிற் பன்னெடுங்காலம் பாடமாயிருந்தது. கொலம்பஸ் திரும்பி வருமுன்னரே, 1492இல், ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரில் மார்ட்டின் பெகைம் என்பார் உலகவுருண்டையொன்றைச் செய்வித்திருந்தார்.

தட்டையென்றோர் ஒருவருமிலரோவெனின், சிலர் உளர். 4ஆம் நூற்றாண்டின் லக்டான்சியசும், 6ஆம் நூற்றாண்டின் கொஸ்மாசும் அத்தகையோர். பின்னவர் பெயர் இலங்கையர்க்குப் புதிதன்று. தப்ரபேன் என்னும் இத்தீவின் துறைகளுக்குப் பாரசீகம், எதியோப்பியா முதலிய நாட்டுக் கலங்கள் வந்து சென்றமையைக் குறித்துவைத்தவர் அவரே. வணிகச் செய்தியிற் பயன்மிக்க அவர் நூல், புவிவடிவு பற்றிக் கூறியதனால் மதிப்பிழந்தது. 9ஆம் நூற்றாண்டிற் போத்தியஸ் அதனை இகழ்ந்துரைத்தார். இவ்விருவரையும் கொண்டு ஓராயிரம் ஆண்டு அறிஞரனைவரையும் அளத்தல் தகாது.

அங்ஙனமாயின் ஸ்பெயினிற் கொலம்பசை எதிர்த்தோர் எதனைக் கருதி எதிர்த்தனர்? வழக்கெல்லாம் புவியின் வடிவு பற்றியதன்று, அளவு பற்றியதே. ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று அரபுநூலார் அல்பர்கானி கூறியதைக் கொலம்பஸ் எடுத்தாண்டார். ஆனால் நீளமான அரபு மைலைக் குறுகிய உரோம மைலாகக் கொண்டார். அதனால் அவர் கணக்கிற் புவி காற்பங்கு சுருங்கியது. ஆசியாவோ கிழக்கே மிக நீண்டது. கனேரித் தீவுகளிலிருந்து யப்பான் ஏறக்குறைய 2,400 கடல்மைலே என அவர் எண்ணினார். உண்மைத் தூரம் 10,000 கடல்மைலுக்கும் மேற்பட்டது. தலவேராவின் தலைமையில் அமைந்த அரச குழுவினர் அவர் கணக்கை ஏற்க மறுத்தனர். அத்துணைத் தூரத்துக்கு வேண்டும் நீரையும் உணவையும் தாங்கவல்ல கலம் அக்காலத்திலில்லை. ஒருவரும் எதிர்பாராத அமெரிக்கா இடையிற் குறுக்கிட்டிராவிடின் அவரும் அவருடன் சென்றோரும் நடுக்கடலிலேயே மாண்டிருப்பர். சரியாகக் கணித்தோர் மூடரெனவும், பிழைபடக் கணித்தவர் அறிவொளி பரப்பியவரெனவும் மாறிநிற்றல் விந்தையே!

இம்மாற்றத்துக்குப் பெருங்காரணர் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங். ரிப் வான் விங்கிள் கதையாற் புகழ்பெற்ற அவர், 1828இற் கொலம்பசின் வரலாற்றை எழுதினார். ஆவணங்களைப் பயின்றே எழுதினாரெனினும், சலமன்காவில் மதவாதிகள் நடுவே கொலம்பஸ் தனித்து நின்று வாதிடும் காட்சியிற் கதாசிரியரின் கையே ஓங்கிநிற்கின்றது. அறிவியலுக்கும் சமயத்துக்கும் தீராப்பகை எனக் காட்ட முற்பட்டோர்க்கு அக்காட்சி வாய்ப்பாயிற்று. 1874இல் டிரேப்பரும் 1896இல் உவைட்டும் வெளியிட்ட நூல்கள் இக்கருத்தை வலுப்படுத்தின. ஜெப்ரி பர்ட்டன் ரசல் என்னும் வரலாற்றாசிரியர் 1991இல் இதற்கெனவே தனிநூல் எழுதி இதன் பிறப்பை ஆராய்ந்தார்.

உலகை உருண்டையென நிறுவியவராகப் போற்றப்படும் கொலம்பஸோ, 1498இல், தம் மூன்றாம் பயணத்தின்போது, புவி முற்றும் உருண்டையன்று, பேரிக்காய் வடிவினது என்று தம் அரசர்க்கு எழுதினார்.