இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு

இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு என்பது, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனக்குத் தேவையான நினைவகத்தைக் கேட்டுப் பெறுவதும், பயன்பாடு முடிந்ததும் அதனைத் திருப்பித் தருவதும் ஆகும். இப்பணியைச் செய்யும் மென்பொருட்கூறு நினைவக ஒதுக்கி எனப்படும். சி நிரலாக்க மொழியில் மால்லாக், ஃபிரீ ஆகிய செயற்கூறுகள் வழியாக நிரலாளர் இதனை அணுகுகின்றார். லினக்சில் பரவலாகப் பயன்படும் குனூ சி நூலகத்தின் ஒதுக்கி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

தேவை

ஒரு செயற்கூற்றின் உள்மாறிகள் அச்செயற்கூறு முடிந்தவுடன் மறைந்துவிடும். நிலையான மாறிகளின் அளவோ நிரல் தொகுக்கப்படும்போதே முடிவாகிவிடும். எத்தனை வரிகள் உள்ளன என்று முன்கூட்டியே தெரியாத கோப்பு ஒன்றைப் படிக்க இவ்விரண்டும் போதா.

இயக்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகவே தரும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட்டுகள் கொண்டது. ஒவ்வொரு முறையும் இயக்குதளத்தை அழைப்பது காலவிரயமும் ஆகும். எனவே ஒதுக்கி, மூட்டையாக வாங்கிச் சில்லறையாக விற்கும் மளிகைக் கடையைப் போல் இடையில் நின்று செயல்படுகின்றது. ஆனால் கடைக்காரருக்கு இல்லாத தொல்லை ஒன்று இதற்கு உண்டு. விற்றவை யாவும் எவ்வித ஒழுங்குமின்றித் திரும்பி வரும். கொடுத்த துண்டின் முகவரியை நிரல் வைத்திருப்பதால், அத்துண்டை வேறிடத்துக்கு நகர்த்தவும் இயலாது. இதனால் மொத்தத்தில் போதிய இடம் இருந்தும், தொடர்ச்சியான இடம் இல்லாமற் போகலாம். இந்நிலை துண்டாடல் எனப்படும். துண்டுகளை நகர்த்தாத எந்த ஒதுக்கியும் இதிலிருந்து முற்றிலும் தப்ப இயலாது என்பதை ஜே. எம். ராப்சன் 1970களில் கணித முறையில் நிறுவினார்.

செயல்படும் முறை

ஃபிரீ செயற்கூற்றுக்கு முகவரி மட்டுமே தரப்படுகின்றது, அளவு தரப்படுவதில்லை. அவ்வாறெனின் எவ்வளவு இடத்தை விடுவிப்பது என்பது அதற்கு எவ்வாறு தெரியும்? விடை, அம்முகவரிக்குச் சற்று முன்னால் உள்ளது. 64 பிட் கணினியில், நிரலுக்குத் தரப்படும் இடத்துக்கு உடனடி முன்னுள்ள 8 பைட்டுகளில் துண்டின் அளவை ஒதுக்கி எழுதி வைக்கின்றது. அளவுகள் யாவும் 16இன் மடங்குகள். ஆதலால் 24 பைட்டு கேட்டால் 32 பைட்டுத் துண்டும், 25 கேட்டால் 48 பைட்டுத் துண்டும் செலவாகும். ஒரேயொரு பைட்டு கேட்டாலும் 32 தான்.

16இன் மடங்கு என்பதால் அளவின் கடைசி நான்கு பிட்டுகள் எப்போதும் சுழியமாகவே இருக்கும். ஒதுக்கி அவற்றையும் வீணாக்குவதில்லை. மூன்றினைக் கொடிகளாகப் பயன்படுத்துகின்றது. அவற்றுள் ஒன்று, முந்தைய துண்டு பயன்பாட்டில் உள்ளதா என்பதைக் குறிக்கும். ஒரு துண்டு விடுபட்டு இணைப்புப் பட்டியலில் சேரும்போது அதன் வெற்றிடத்திலேயே முன்சுட்டி, பின்சுட்டி ஆகியவையும், இறுதியில் அதன் அளவும் எழுதப்படும். இதனால் இருபுற அண்டைத் துண்டுகளையும் தேடாமலேயே கண்டு, அவை காலியாக இருப்பின் ஒன்றாக இணைத்துவிடலாம். எல்லைக் குறி எனப்படும் இம்முறையை டொனால்டு குனுத் 1968இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். இதனைப் பயன்படுத்தும் ஒதுக்கி ஒன்றை டக் லீ 1987இல் எழுதத் தொடங்கினார். அதனைப் பல இழைகள் கொண்ட நிரல்களுக்கு ஏற்ப வோல்ஃப்ராம் குளோகர் விரிவாக்கினார். குனூ நூலகத்தின் ஒதுக்கி அவ்வழி வந்ததே.

மிகப் பெரிய கோரிக்கைகள் (தொடக்க வரம்பு 128 கிலோபைட்டு) இயக்குதளத்திடமிருந்து தனியே பெறப்பட்டு, விடுவித்ததும் உடனே திருப்பித் தரப்படும். சிறியவை பொதுவாக ஒதுக்கியிடமே தங்கும். ஃபிரீ அழைத்த பின்னரும் நிரலின் நினைவகப் பயன்பாடு குறையவில்லை என்று புதியவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு

கணக்கேட்டைச் சரக்கின் நடுவே வைப்பதே இவ்வடிவமைப்பின் சிக்கனத்துக்கும் ஆபத்துக்கும் மூலம். ஒரு நிரல் தன் எல்லையைத் தாண்டி எழுதினால், அடுத்த துண்டின் அளவும் சுட்டிகளும் அழியும். பட்டியலிலிருந்து ஒரு துண்டை நீக்கும்போது ஒதுக்கி அதன் இரு சுட்டிகளையும் படித்து, ஒன்று காட்டும் இடத்தில் மற்றொன்றை எழுதும். சுட்டிகள் பொய்யெனின், தாக்குபவர் விரும்பும் மதிப்பு அவர் விரும்பும் முகவரியில் எழுதப்படும். சோலார் டிசைனர் என்ற புனைபெயருடைய ஆய்வாளர், ஜேபெக் படத்தின் குறிப்புப் பகுதியை நெட்ஸ்கேப் உலாவி கையாண்ட விதத்தில் இருந்த வழுவைக் கொண்டு 2000இல் இதனை விளக்கினார்.

அதன்பின் குனூ நூலகத்தில் சுட்டிகளைச் சரிபார்க்கும் சோதனைகள் சேர்க்கப்பட்டன. எனினும் 2017இல் வெளியான 2.26 பதிப்பு, வேகத்துக்காக ஒவ்வோர் இழைக்கும் தனிச் சேமிப்பு ஒன்றை அறிமுகப்படுத்தியபோது, அதில் அத்தகைய சோதனைகள் பெரும்பாலும் விடப்பட்டிருந்தன. ஒரே துண்டை இருமுறை விடுவிப்பதைக் கண்டறியும் சோதனை 2019இல் (2.29) சேர்ந்தது, சுட்டிகளை உருமாற்றிச் சேமிக்கும் முறை 2020இல் (2.32) வந்தது. ஓப்பன்பிஎஸ்டி இயக்குதளத்தின் ஒதுக்கியோ கணக்கேட்டைத் தரவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கின்றது. வேகத்தில் சிறிது இழப்பு உண்டு.

வழுவைத் தாங்கவே இயலாத துறைகளில் இச்சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்படுகின்றது. நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006இல் வெளியிட்ட பத்து விதிகளுள் மூன்றாவது, நிரல் தொடங்கி ஆயத்தமான பின்னர் இயங்குநிலை ஒதுக்கீட்டைப் பயன்படுத்தலாகாது என்பதாகும்.