கோப்பையின் பெயர்

பூதலூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கிப் பூண்டி மாதாவிடம் தம் மைந்தருக்காக வேண்டச் செல்வோர் பலர். மைந்தருக்குப் புகைக்கக் கற்பித்தவர் யார்? தீய நண்பர் என்பது வழக்கமான விடை, முழு விடையன்று.

1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டிமீது எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிற்று. தூரதர்ஷனிலும் சிகரெட் விளம்பரத்துக்கு இடமில்லை. ஆயினும் 1996இல் உலகக் கிரிக்கெட் கோப்பையே 'வில்ஸ்' என்னும் பெயர் தாங்கி வந்தது. வாயில் அடைபட, சாளரம் திறந்தது. அவ்வாண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கோவாப் பள்ளிச் சிறாரைப்பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. முந்தைய ஆண்டில் வில்ஸ் ஆதரவில் நடந்த இந்திய–நியூசிலாந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்ட சிறாரிடையே புகைத்துப் பார்த்தோர் மிகுதி; ஆட்டக்காரர் புகைப்பர் என்று எண்ணியோரும் உளர். (புகைப்பவனால் அவ்வாறு ஓட இயலுமா என எண்ணிப்பார்க்கும் வயதா அது!)

2003ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஆதரவையும் தடைசெய்தது. ஆனால் விற்குமிடத்தில் விளம்பரப் பலகை வைக்க அதுவே விலக்கும் அளித்தது. சிறுவர் மிட்டாய் வாங்க நிற்பதும் அப்பெட்டிக்கடை முன்னேதான்.